கந்தக பூமியில் வெள்ளிக் கொலுசு

விருதுநகருக்கு வருகிறவர்கள் காமராஜர் பிறந்த வீட்டைப் பார்ப்பார்கள். எண்ணெயில் பொரித்த புரோட்டாவை ஒரு கை பார்ப்பார்கள். வற்றல், பருப்பு, நல்லெண்ணெய் விலையை விசாரித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் ஊர் வெள்ளிக் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அங்கே பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கேட்டால் ஒரு கை வைத்தியப் புத்தகமே எழுதிவிடலாம்!

"பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு போடுங்க, உடம்புச் சூட்டை இழுத்துரும்."

"அரணாக்கொடி கட்டினா குடல் இறங்காது."

"மெட்டி போட்டா கர்ப்பப்பைக்கு நல்லது."

"கொலுசு கறுத்துப் போச்சா? யாரோ கண்ணு வெச்சிருக்காங்க!"

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிற ஊர்கள். மழை குறைவு, வெயில் அதிகம். பட்டாசும் தீப்பெட்டியும் பிழைப்பாகிப் போனதால் 'கந்தக பூமி' என்று பேர். நெருப்போடு புழங்குகிற இந்த மண்ணில் 'வெள்ளி குளிர்ச்சி' என்ற நம்பிக்கை வேரோடியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கையில் எவ்வளவு நிஜம் என்பதைத் தெரிந்துகொள்வது மற்ற ஊர்க்காரர்களைவிட எங்களுக்கு அவசியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சொல், பல பொருள்

முதலில் பேரைப் பார்ப்போம். 'வெள்' என்றால் வெண்மை. வெண்மையான உலோகம் வெள்ளி. விடியற்காலையில் வெண்மையாக மின்னும் கிரகமும் வெள்ளி. அந்தக் கிரகத்தின் கிழமையும் வெள்ளி. மூன்றுக்கும் பேர் ஒன்றாகிவிட்டதால் நம்பிக்கைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வெள்ளிக்கிழமை வெள்ளி வாங்கினால் லட்சுமி வருவாள் என்பார்கள் இங்கே. கடைக்காரருக்கு வருவாள், அது நிச்சயம்!

'வெள்ளிடை மலை போல் விளங்குகிறது' என்று மேடையில் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஏதோ வெள்ளி மலை என்று பலர் நினைப்பதுண்டு. அந்த 'வெள்ளிடை'க்கும் உலோகத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெள் இடை என்றால் வெட்டவெளி. வெட்டவெளியில் நிற்கிற மலை யார் கண்ணுக்கும் தப்பாது என்பதுதான் அர்த்தம்.

பணத்துக்கும் வெள்ளிக்கும் உள்ள உறவு பழையது. 'ரூபாய்' என்ற சொல்லே வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததுதான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர்கள் தங்கள் நாட்டுப் பணத்தை இன்றைக்கும் 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்து ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. 1940-ல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். பிறகு நிக்கல் காசு வந்தது. எங்கள் பக்கம் சில வீடுகளில் ராஜா தலை போட்ட பழைய ரூபாய் இன்னும் பெட்டியடியில் இருக்கிறது.

'வெள்ளிக் கரண்டியோடு பிறந்தவன்' என்பது இங்கிலீஷிலிருந்து வந்த பேச்சு. அங்கே குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு ஞானப் பெற்றோர் வெள்ளிக் கரண்டி பரிசளிப்பார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தவுடனேயே கரண்டி காத்திருக்கும்! நம் ஊரில் அதற்குப் பதில் தாய்மாமன் வீட்டுச் சீரில் வெள்ளிச் சங்கு வருகிறது. ராஜ வம்சத்தாரை 'நீல ரத்தம்' என்பதற்கும் வெள்ளியைக் காரணம் சொல்கிறார்கள். வெள்ளித் தட்டில் சாப்பிட்டு உடம்பு நீலமானதாம். உண்மையில் அது ஸ்பெயின் தேசத்துப் பேச்சு. வெயில் படாத பிரபுக்களின் வெளுத்த தோலுக்கு அடியில் நரம்பு நீலமாகத் தெரிந்ததால் வந்தது. ஆனால் வெள்ளியை மருந்து என்று மாதக்கணக்கில் விழுங்கினால் தோல் நிஜமாகவே நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகிவிடும். ஆன பிறகு பழைய நிறம் திரும்பாது. வெள்ளி கலந்த தண்ணீரைச் சர்வரோக நிவாரணி என்று விற்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1999-ல் ஏற்க மறுத்துவிட்டது.

சிவகாசியில் 'மருந்து'

சிவகாசியில் என் மதினி வீட்டுக்குப் போனால் காலை ஏழு மணிக்கே தெரு காலியாகிவிடும். தூக்குவாளியோடு பெண்கள் வேன் ஏறிவிடுவார்கள். தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் பேச்சு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததில் ஆரம்பித்த பிழைப்பு இது. பட்டாசு அதற்குப் பிறகு வந்தது.

அங்கே 'மருந்து' என்றால் மாத்திரை இல்லை. வெடிக்குள் செலுத்துகிற கலவைதான் மருந்து. மருந்துக் கலவை, மணிமருந்து என்று சாதாரணமாகச் சொல்வார்கள். உயிர் காப்பதற்கும் உயிர் எடுப்பதற்கும் ஒரே பேரா என்று எனக்கு முதலில் திக்கென்றது. விசாரித்தால், சீன மொழியிலும் வெடிமருந்துக்கு 'நெருப்பு மருந்து' என்றே பெயராம். சாகாவரம் தரும் மருந்தைத் தேடிய சீனத்து ரசவாதிகள் கந்தகத்தையும் வெடியுப்பையும் கலந்து பார்த்தபோதுதான் அது கையில் அகப்பட்டது. ஆயுளைக் கூட்டத் தேடியது, ஆயுளைக் குறைக்கிற சரக்காகக் கிடைத்தது!

மாலையில் வேன் திரும்பும்போது சில பெண்களின் கை, முகமெல்லாம் வெள்ளி பூசியது போல மினுமினுக்கும். "வெள்ளியில குளிச்சுட்டு வர்றோம், பாத்தீங்களா?" என்று சிரிப்பார்கள். அது வெள்ளி இல்லை, அலுமினியப் பொடி. பூச்சட்டியில் கொட்டுகிற வெள்ளி மழையும் இந்தப் பொடியின் வேலைதான். வெள்ளி சேருகிற பட்டாசு ஒன்று உண்டு. தரையில் எறிந்தால் 'பட்'டென்று வெடிக்கும் சின்னப் பொட்டலத்தில், வெள்ளியிலிருந்து செய்கிற வெடிப்பொருள் துளி அளவு இருக்கும். ஆகவே வெள்ளி என்றாலே குளிர்ச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை.

கறுத்தால் காத்துக் கறுப்பா?

மதினி வீட்டு எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கொலுசு அடிக்கடி கறுத்துப் போகும். "எனக்கு உடம்புச் சூடு, அதான் கொலுசு இழுக்குது" என்பாள். அவள் மாமியாரோ திருஷ்டி என்று மிளகாய் வற்றல் சுற்றிப் போடுவாள். காரணம் இரண்டும் இல்லை. கந்தகம்தான். வெள்ளிக்குக் கந்தகத்தின் மேல் அப்படி ஒரு பிரியம். எங்கே கண்டாலும் ஒட்டிக்கொண்டு கறுப்பாகிவிடும். வெள்ளிக் கரண்டியால் முட்டை சாப்பிட்டுப் பாருங்கள், கரண்டி கறுத்துவிடும். முட்டையிலும் கந்தகம் உண்டு. வியர்வை பட்டாலும் ரப்பர் வளையம் சுற்றி வைத்தாலும் இதே கதைதான். கந்தகப் பொடியோடு புழங்குகிற ஊரில் கொலுசு கறுக்காமல் வேறென்ன செய்யும்? கொஞ்சம் திருநீறு போட்டு மெல்லிய துணியால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

'வெள்ளி குளிர்ச்சி' என்பதற்கும் காரணம் உண்டு. உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். தொட்டவுடன் நம் தோலின் சூட்டை வாங்கிக்கொள்வதால் ஜில்லென்று இருக்கிறது. சற்று நேரத்தில் அதுவும் நம் உடம்புச் சூட்டுக்கே வந்துவிடும். காய்ச்சலையோ உள் சூட்டையோ அது இறக்குவதில்லை. நெருப்புப் பக்கத்தில் போனால் அதே வேகத்தில் சூடேறிவிடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டி போடுகிற விரலிலிருந்து கர்ப்பப்பைக்கு நேராக ஒரு நரம்பு ஓடுகிறது என்பார்கள். கால்விரல் நரம்பு முதுகுத்தண்டுக்குப் போகிறதே தவிர, கர்ப்பப்பைக்குத் தனிப்பாதை ஏதும் இல்லை. மெட்டி அழகு, அடையாளம். அது போதாதா? அரணாக்கொடி என்பது அரைஞாண் கொடி. அரை என்றால் இடுப்பு, ஞாண் என்றால் கயிறு. அது குடலிறக்கத்தைத் தடுக்காது. இறங்கினால் ஆபரேஷன்தான் வழி. ஆனால் கொடி இறுகுகிறதா, தளர்கிறதா என்று பார்த்தே பிள்ளை தேறுகிறதா என்று தெரிந்துகொண்ட கெட்டிக்காரப் பாட்டிகள் உண்டு. தராசு இல்லாத காலத்தில் அதுதான் தராசு. 'போகும்போது அரணாக்கயிற்றைக்கூட அறுத்துக்கிட்டுத்தான் அனுப்புவாங்க' என்ற பேச்சும் நம் சவச் சடங்கிலிருந்து வந்ததுதான்.

வெள்ளிச் சங்கில் பால் புகட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளிதானே, கிருமி அண்டாது என்று வெறுமே அலசி வைக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் கொதிநீரில் போட்டு எடுக்கவேண்டும். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலுக்கு மிஞ்சியது ஒன்றும் இல்லை.

இருக்கன்குடியில் கண்மலர்

சாத்தூரிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவே அம்மன் குடியிருக்கிறாள். இரண்டு ஆறு, அதாவது இரு கங்கை கூடும் குடி என்பதே இருக்கன்குடி ஆயிற்று என்பார்கள். ஆறு பெரும்பாலும் மணலாகத்தான் கிடக்கும். ஆனால் ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கு அந்த மணலே தெரியாதபடி ஜனங்கள்!

கண் வலி, அம்மை, தீராத வயிற்றுவலி என்றால் இந்தப் பக்கத்தார் முதலில் நேர்ந்துகொள்வது இந்த அம்மனுக்குத்தான். கோயிலிலேயே தங்கி விரதம் இருப்பவர்களுக்கு வயன மண்டபம் உண்டு. குணமானதும் வெள்ளித் தகட்டில் கண், கை, கால் என்று உருவம் வாங்கி உண்டியலில் போடுவார்கள். கண்ணுக்குப் போடுகிற தகட்டைக் கண்மலர் என்று எவ்வளவு அழகாகச் சொல்கிறோம்! நான் போனபோது ஒரு வயதான அம்மாள் கண்மலரை உள்ளங்கையில் வைத்துத் தடவிக்கொண்டே வரிசையில் நின்றார்.

"கண்ணு தெரியுதாம்மா?" என்றேன்.

"நல்லா தெரியுது தாயி. மதுரையில ஆபரேசன் பண்ணினாக. ஆத்தாகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அதான் கடனைத் தீர்க்க வந்தேன்" என்றார்.

எனக்கு அவர் பேச்சு பிடித்திருந்தது. நேர்த்திக்கடன் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். ஒன்றுக்காக மற்றதை விடவில்லை. வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் ஒரு லட்சத்துக்கு மேல் கண் ஆபரேஷன் செய்தவர். கண்ணில் புரை விழுந்தால் எந்தத் தீர்த்தமும் அதைக் கரைக்காது. ஆபரேஷன் கரைசேர்க்கும்.

கண்ணுக்கும் வெள்ளிக்கும் வைத்தியத்திலும் ஒரு தொடர்பு உண்டு. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றுகிற கிருமியால் பச்சைக் குழந்தைகள் கண் இழப்பது ஐரோப்பாவில் சகஜமாக இருந்தது. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தில் டாக்டர் க்ரெடே 1880-ல், பிறந்தவுடன் குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளுக்கு வந்த நோய், ஒன்றுக்கும் கீழே குறைந்தது. இப்போது அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் எத்தனையோ குழந்தைகளுக்குப் பார்வை மிஞ்சியது அந்த ஒரு சொட்டால்தான்.

வெள்ளி மருந்து

இப்போது முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷத்துக்கு முன் தீபாவளி ராத்திரி, மதினி தெருவில் எட்டு வயதுப் பெண் குழந்தை பூச்சட்டி கொளுத்தினாள். பட்டுப் பாவாடையில் பொறி பிடித்து, அணைப்பதற்குள் வலது கணுக்கால் வெந்துவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தர் இங்க் ஊற்றினார். ஒருத்தர் பற்பசையை அப்பினார். "கொலுசைக் கழட்டுங்க" என்று மதினி சொன்னதற்குக் குழந்தையின் ஆச்சி விடவில்லை. "வெள்ளி குளிர்ச்சி. கெடக்கட்டும், சூட்டை இழுக்கும்" என்று கையைத் தட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கால் வீங்கிக் கொலுசு சதைக்குள் பதிந்துவிட்டது. நர்ஸம்மா குறடால் வெட்டித்தான் எடுத்தார். குழந்தை போட்ட கூச்சலை மதினி இன்றும் சொல்லிச் சொல்லி மாய்வாள். பிறகு புண்ணைக் கழுவி, வெள்ளை வெளேரென்று ஒரு களிம்பு போட்டார்கள். மூலையில் அழுதுகொண்டு நின்ற ஆச்சியைப் பார்த்து நர்ஸம்மா சொன்னாராம்: "அழாதீங்க ஆச்சி. நீங்க சொன்னதும் பொய் இல்ல. இந்தக் களிம்புல வெள்ளிதான் இருக்கு. ஆனா கொலுசுல இருக்கிற வெள்ளி இந்த வேலையைச் செய்யாது."

அது சில்வர் சல்ஃபாடயாசின் என்ற களிம்பு. 1960-களில் தீக்காயத்துக்கு வெள்ளி மருந்துகளைப் பரீட்சித்தபோது, சார்லஸ் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் இதைக் கண்டுபிடித்தார். களிம்பிலிருந்து வெள்ளியின் நுண்ணிய துகள்கள் பிரிந்து புண்ணுக்குள் இறங்கும். கிருமிகளின் உடம்பிலும் கந்தகம் உண்டு. வெள்ளி அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு கிருமியைச் செயலற்றதாக்கும். கவனித்தீர்களா? கொலுசைக் கறுக்க வைக்கிற அதே கந்தகப் பிரியம்தான் புண்ணில் கிருமியையும் கொல்கிறது!

இதைப் படித்துவிட்டு அந்தக் களிம்பை நீங்களாகவே வாங்கிப் பூசவேண்டாம். சிறிய காயத்தில் அது ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று இப்போது தெரிந்திருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணிகளுக்கும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஆகாது. எந்தப் புண்ணுக்கு எது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

நெருப்புப் பட்டால்

* துணியில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருளவேண்டும்.

* வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் 20 நிமிஷம் ஓடவேண்டும். ஐஸ் வேண்டாம்.

* தண்ணீர் ஓடும்போதே கொலுசு, மெட்டி, மோதிரம், வளையல், அரணாக்கொடி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள்.

* இங்க், பற்பசை, மஞ்சள், வெண்ணெய், முட்டை எதுவும் பூசவேண்டாம். டாக்டர் புண்ணின் ஆழத்தைப் பார்க்கமுடியாமல் போகும், கிருமியும் சேரும்.

* சுத்தமான பருத்தித் துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரிய காயம் என்றால் உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

* பட்டாசு கொளுத்தும்போது பட்டுப் பாவாடையும் நைலானும் வேண்டாம், பருத்தி போதும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். எரிந்த மத்தாப்புக் கம்பியை அந்த வாளியிலேயே போடுங்கள்.

2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசிப் பக்கம் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த 'மருந்தை'த் தொட்டுத்தான் உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வெள்ளி மழை அனுப்புகிறார்கள். அவர்களுடைய கொலுசுக்கு இன்னொரு சக்தியும் உண்டு. எதிர்வீட்டுப் பெண் ஒரு நாள் சொன்னாள்: "போனஸ் வந்தா கொலுசு வாங்கிருவேன் அக்கா. அவசரத்துக்கு ஆஸ்பத்திரின்னா அடகுக்கடைக்குப் போகும்ல?" வெள்ளி நோயைத் தீர்க்கிறது என்பதற்கு இதைவிட நேரான அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

பேத்திக்கு ஆசையாகக் கொலுசு வாங்கிப் போடுங்கள் சகோதரிகளே. அது வீடெல்லாம் கலீர் கலீர் என்று ஓடட்டும். திருகாணி எளிதாகக் கழல்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.